படைவீரரின் இதயம்: பதகளிப்புத் தாக்கம் பற்றிய அறிவின் சமூக வரலாறு

உளநோய்களின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன நோயை இன்னார் இன்ன ஆண்டிற் கண்டறிந்தார், அதற்கு இன்ன பெயரிட்டார், பின்வந்தோர் அதனைத் திருத்தினர் என்ற முறையில் அமையும் இவ்வரலாறுகளில் நோயாளி பெயரற்ற சான்றாக மட்டுமே இடம்பெறுகிறார். அவர் எத்தகைய உழைப்பில் ஈடுபட்டிருந்தார், எவரது கட்டளைக்குப் பணிந்து வாழ்ந்தார், அவரது நோயை அறிய வேண்டிய தேவை எந்த நிறுவனத்துக்கு ஏன் ஏற்பட்டது என்பன போன்ற வினாக்கள் அவற்றில் எழுவதில்லை. பதகளிப்புத் தாக்கம் எனப்படும் நிலையின் வரலாற்றை இவ்வினாக்களின் வழி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய ஆய்வு இலக்கிய மாணவருக்கு எதற்கு என வினவப்படலாம். நோயின் அறிகுறி உடலிலே தோன்றுவது உண்மையே. ஆயின் அது வைத்தியரை வந்தடைவது சொல்லாகவே. நோயாளியின் கூற்றை எவ்வாறு வாசிப்பது, அதில் எதனைச் சான்றாகக் கொள்வது, எதனைப் புறக்கணிப்பது என்பன உரைவிளக்கம் சார்ந்த பிரச்சினைகளாகும். அவ்விளக்கத்தை வர்க்கமும் அதிகாரமும் எவ்வாறு நெறிப்படுத்தின என்பதற்குப் பதகளிப்புத் தாக்கத்தின் வரலாற்றைப் போலத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1. அச்சமும் பதகளிப்பும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் கூறி, அதற்கு நான்கு நிலைக்களன்களையும் வகுத்துள்ளது. வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவன் என்பனவே அவை. ஆட்சியாளனைக் கள்வரோடும் விலங்கோடும் ஒருங்கே வைத்தெண்ணிய இவ்வகைப்பாடு அக்காலச் சமூக உறவுகள் பற்றி எமக்கு உணர்த்துவது அதிகம். ஆயின் இங்கு முதன்மையாக நோக்க வேண்டியது வேறொன்று. தொல்காப்பியர் கூறும் அச்சத்துக்குப் புறத்தே ஒரு பொருள் உண்டு. பொருள் தோன்றுகிறது, உள்ளம் அஞ்சுகிறது, அஞ்சியமை உடலிலே வெளிப்படுகிறது.

பதகளிப்புத் தாக்கத்தில் இவ்வொழுங்கு குலைந்துவிடுகிறது. புறத்தே அஞ்சத்தக்க பொருள் எதுவும் இல்லாதிருக்க, உடல் மட்டும் அச்சத்தின் மெய்ப்பாடுகள் அனைத்தையும் ஒருங்கே காட்டத் தொடங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, தொண்டை அடைக்கிறது, மார்பில் வலி அல்லது இறுக்கம் தோன்றுகிறது, வியர்வையும் நடுக்கமும் ஏற்படுகின்றன, தலை சுற்றுகிறது, வயிற்றைக் குமட்டுகிறது, கைகால்கள் விறைக்கின்றன, உடல் குளிர்கிறது அல்லது கொதிக்கிறது, சூழலும் தன் உடலும் தனக்கு அந்நியமாய்த் தோன்றுகின்றன. இவற்றோடு, தான் இக்கணமே இறந்துவிடுவேன் அல்லது சித்தம் கலங்கிவிடுவேன் என்னும் நிச்சயமான எண்ணமும் எழுகின்றது. இவை யாவும் சில நிமிடங்களுள் உச்சத்தை அடைந்து பின்னர் தணிகின்றன. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் இன்றைய கைந்நூல் இவ்வாறான 13 அறிகுறிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் நான்கேனும் திடீரெனத் தோன்றி உச்சமடையுமிடத்து அதனைப் பீதித் தாக்கம் எனக் கொள்கிறது.

இதன் உடலியற் பின்னணி இன்று பெருமளவு விளங்கிக்கொள்ளப்பட்டுள்ளது. ஆபத்தை எதிர்கொள்ளும் உடல் போரிடவோ தப்பியோடவோ தன்னை ஆயத்தம் செய்கிறது என்பதையும், அதிரினலின் சுரப்பு அவ்வாயத்தத்தில் வகிக்கும் பங்கையும் அமெரிக்க உடலியலாளர் வோல்ட்டர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார். மூச்சு மிக விரைந்து வாங்கப்படும்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு குறைகிறது. தலைச்சுற்றும் விரல் விறைப்பும் அதனால் ஏற்படுகின்றன. ஆகவே இவ்வறிகுறிகள் கற்பனையானவை அல்ல. ஆபத்துக்குரிய இயல்பான உடல் வினை ஆபத்தில்லாத வேளையில் நிகழ்கிறது என்பதே உண்மை. இந்த எளிய உண்மையை வந்தடைய மருத்துவ உலகுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அத்தாமதத்தின் காரணங்கள் மருத்துவத்துக்கு உள்ளே மட்டும் அடங்கியவை அல்ல.

2. பொதிப்பட்டியும் நெஞ்சுப் படபடப்பும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வறிகுறிகள் பெருந்தொகையானோரிடம் ஒருங்கே அவதானிக்கப்பட்ட இடங்களுள் முதன்மையானது இராணுவம் ஆகும். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவிலுள்ள டேர்ணர்ஸ் லேன் இராணுவ வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜேக்கப் மென்டெஸ் டா கொஸ்தா, தாம் கண்ட 300க்கும் மேற்பட்ட நோயாளரை அடிப்படையாகக் கொண்டு 1871இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர் விவரிக்கும் படைவீரன் முகாமிற் காய்ச்சலாலோ வயிற்றோட்டத்தாலோ பாதிக்கப்பட்டுக் குணமடைந்து அணிக்குத் திரும்புகிறான். திரும்பியபின், தோழர்களோடு சேர்ந்து நடக்க அவனால் இயலவில்லை. நெஞ்சு படபடக்கிறது, மார்பு வலிக்கிறது, தலை சுற்றுகிறது. பார்வைக்கோ அவன் ஆரோக்கியமானவனாகவே தோன்றுகிறான். இந்நிலையை உறுத்தலுற்ற இதயம் எனப் பெயரிட்ட டா கொஸ்தா, ஓய்வையும் டிஜிற்றலிஸ் முதலிய மருந்துகளையும் பரிகாரமாகக் கொண்டார். காய்ச்சல், வயிற்றோட்டம், கடும் களப்பணி, சிறப்பாக அளவுக்கு மிஞ்சிய நடை ஆகியனவே அவர் காட்டிய முதன்மைக் காரணங்கள். அவற்றுள் அச்சம் இடம்பெறவில்லை.

ஏறத்தாழ இதே காலத்திற் பிரித்தானிய இராணுவத்திலும் இப்பிரச்சினை ஆராயப்பட்டது. இராணுவ வைத்தியரான ஆதர் மயர்ஸ் 1870இல் வெளியிட்ட நூல், வீரரின் மார்பையும் கழுத்தையும் இறுக்கும் சீருடையையும் உபகரணங்களையும் காரணங்களாகச் சுட்டிற்று. பொதிப்பட்டியின் அமைப்பும் அக்காலத்திற் குற்றஞ்சாட்டப்பட்டது. உடையையும் சுமையையும் மாற்றியமைத்தால் இதயம் சீராகும் என்பது நம்பிக்கை.

இவ்விளக்கங்களை இன்று நகைப்புக்குரியனவாகக் கொள்ளுதல் பொருந்தாது. வீரனின் உடல்மீது சுமத்தப்பட்ட பாரத்தை அவை கணக்கில் எடுத்தன. உழைப்பின் பௌதிக நிலைமைகளை நோயோடு தொடர்புபடுத்தின. டா கொஸ்தா கண்ட நோயாளர் அனைவரும் பதகளிப்புத் தாக்கத்துக்கு உள்ளானோர் எனக் கொள்வதும் தவறாகும். முகாமில் நிலவிய தொற்றுநோய்களும் களைப்பும் அவர்களிற் பலரைப் பாதித்திருந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் இராணுவ மருத்துவத்தின் வினா ஒன்றேயாக இருந்தது: இவனை மீண்டும் அணியில் நிறுத்த இயலுமா? கொல்லவும் கொல்லப்படவும் அனுப்பப்பட்ட ஒருவன் எதற்கு அஞ்சினான் என்பது அவ்வினாவின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இராணுவம் என்னும் நிறுவனம் அச்சத்தை நோயாக ஏற்க முடியாது. ஏற்பின் கட்டளையின் அடிப்படையே ஆட்டங்காணும். எனவே அச்சம் இதயநோயாகப் பெயர்மாற்றம் பெற்றது.

3. நரம்புத் தளர்ச்சியின் வர்க்க முகம்

போர்க்களத்துக்கு வெளியே, கைத்தொழில் முதலாளித்துவத்தின் நகரங்களில் இதே அறிகுறிகளுக்கு வேறொரு பெயர் வழங்கலாயிற்று. அமெரிக்க நரம்பியலாளர் ஜோர்ஜ் மில்லர் பியேட் 1869இல் நரம்புத் தளர்ச்சி என்னும் எண்ணக்கருவைப் பரப்பினார். 1881இல் அவர் வெளியிட்ட நூலில் நீராவிச் சக்தி, பத்திரிகை, தந்தி, விஞ்ஞானங்கள், பெண்களின் அறிவுசார் செயற்பாடு ஆகிய ஐந்தும் நவீன மனிதனின் நரம்புகளைத் தளர்த்துவனவாகக் கூறப்பட்டன. இங்கு நோய் ஒரு தகுதிச் சின்னமாகிறது. மூளையால் உழைக்கும் நாகரிக மேன்மக்களுக்கே இது வரும் என்பது பியேட்டின் கருத்து. அந்நீராவி இயந்திரத்தின் அருகே நாள்முழுதும் நின்று உழைத்த தொழிலாளியின் நரம்புகளுக்கு இவ்விளக்கத்தில் உரிய இடம் இல்லை.

பதகளிப்பு மத்தியதர வர்க்கத்தின் ஆடம்பர நோய் என்னும் கருத்து எம்மிடையேயும் அவ்வப்போது முற்போக்கு எண்ணமாக முன்வைக்கப்படுவதுண்டு. அது உண்மையிற் பியேட்டின் கருத்தே. அவர் பெருமையாகக் கூறியதை இவர்கள் ஏளனமாகக் கூறுகின்றனர். உழைக்கும் மக்களுக்கு உள்ளம் நோவதில்லை என்னும் எடுகோள் இரண்டுக்கும் பொதுவானது. ஏழை விவசாயிகளும் தொழிலாளரும் நிறைந்த படைகளின் வைத்தியசாலைப் பதிவுகள் இவ்வெடுகோளைப் பொய்ப்பிக்கப் போதியன.

பேர்லின் நகரின் திறந்த சதுக்கங்களைக் கடக்க இயலாது நடுங்கிய மூன்று ஆண்களைப் பற்றி ஜேர்மானிய உளநோய் வைத்தியர் கார்ல் வெஸ்ற்பால் 1871-72இல் எழுதினார். உடன்வரும் ஒருவர் இருந்தால் அவர்களின் அச்சம் தணிந்தது என்பதையும் அவர் அவதானித்தார். முதலில் இதயம், பின்னர் நரம்பு எனப் பேசப்பட்ட இவ்விடயத்திற் பதகளிப்பைத் தனியொரு நோய்த்தொகுதியாகப் பிரித்தெடுத்தவர் சிக்மண்ட் பிராய்ட். 1895இல் எழுதிய கட்டுரையில் அவர் நரம்புத் தளர்ச்சியிலிருந்து பதகளிப்பு நியூரோசிசை வேறுபடுத்தினார். இதயப் படபடப்பு, மூச்சுத் தடை, வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, விறைப்பு, இரவில் திடுக்குற்று விழித்தல் முதலியன அவரது பட்டியலில் இடம்பெற்றன. பல நோயாளர் அச்சத்தைக் கூறாது உடல் உபாதையை மட்டுமே கூறுவர் என்பதையும் அவர் கண்டுகொண்டார். இது மிக முக்கியமானதொரு கண்டுபிடிப்பாகும். ஆயின் காரணத்தை நிறைவுபெறாத பாலுறவிற் கண்டதன் மூலம் பிரச்சினையைக் குடும்பத்தின் படுக்கையறைக்குள்ளேயே அவர் அடைத்துவிட்டார்.

அதே 1895இல் புரூவருடன் இணைந்து அவர் வெளியிட்ட நூலிற் கத்தரீனா என்னும் பெயரில் ஒரு பெண்ணின் வரலாறு உண்டு. மலைப்பிரதேச விடுதியொன்றில் அவருக்கு உணவு பரிமாறிய இளம்பெண், அவர் வைத்தியர் என்பதை விருந்தினர் பதிவேட்டின் மூலம் அறிந்து, தனக்கு மூச்சு முட்டுவதையும் தொண்டை நெரிபடுவதையும் யாரோ பின்னால் நின்று தன்னைப் பிடித்துவிடுவர் என்னும் அச்சத்தையும் கூறுகிறாள். உரையாடலினூடே, உறவினனான ஓர் ஆண் தன்னைப் பாலியல் முறையில் துன்புறுத்த முயன்றமை அவளது வாயிலிருந்தே வெளிவருகிறது. நூலில் அவ்வாண் மாமனாகக் காட்டப்பட்டான். 1924இற் சேர்த்த அடிக்குறிப்பில், அவன் மாமனல்லன், தந்தையே எனப் பிராய்ட் வெளிப்படுத்தினார். கத்தரீனாவின் அச்சத்துக்கு ஒரு பொருள் இருந்தது. வீட்டின் தலைவனே அப்பொருள். 29 ஆண்டுகள் அது அச்சிலே மறைக்கப்பட்டிருந்தமை, பதகளிப்புப் பற்றிய அறிவு எவரது மதிப்பைப் பாதுகாக்கும் வகையில் எழுதப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

4. போரும் தரவரிசையும்

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டதும் படைவீரரின் இதயம் மீண்டும் ஆட்சியாளரின் பிரச்சினையாயிற்று. இதயவியலாளர் தோமஸ் லூயிஸ், போரிலிருந்து அனுப்பப்பட்ட இதயநோயாளரை ஆராய்ந்து, அவர்களிற் பெரும்பாலானோரின் இதயத்தில் அமைப்புக் கோளாறு எதுவும் இல்லை எனக் கண்டார். 1918இல் அவர் வெளியிட்ட நூல் இந்நிலையை முயற்சி நோய்த்தொகுதி என்றது. ஓய்வுக்குப் பதிலாகப் படிப்படியான உடற்பயிற்சி புகுத்தப்பட்டது. அப்பயிற்சி ஒரே வேளையிற் பரிகாரமாகவும், யார் களத்துக்குத் தகுதியானவர் எனப் பிரித்தெடுக்கும் சல்லடையாகவும் பயன்பட்டது.

இதற்குச் சமாந்தரமாக, 1915இற் சார்ள்ஸ் மயர்ஸ் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையின் வழி எறிகணை அதிர்ச்சி என்னும் தொடர் பரவிற்று. 1917இல் படைத்தலைமை இத்தொடரின் பயன்பாட்டைத் தடைசெய்து, நரம்பு சார்ந்த, இன்னும் நிர்ணயிக்கப்படாத நோய் எனக் குறிக்குமாறு பணித்தது. நோயைத் தடுக்க முடியாதவிடத்து நோயின் பெயர் தடுக்கப்பட்டது.

பெயரிடலில் வர்க்க வேறுபாடும் வெளிப்படையாகவே செயற்பட்டது. அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் நரம்புத் தளர்ச்சி என்ற கௌரவமான பெயரும், சாதாரண வீரருக்கு ஹிஸ்டீரியா என்ற பெயரும் கிடைத்தன. ஸ்கொத்லாந்தின் கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையில் அதிகாரிகளுக்கு உரையாடல் மூலம் சிகிச்சையளித்தார் டபிள்யூ. எச். ஆர். றிவேர்ஸ். இலண்டனிலோ லூயிஸ் யீலண்ட் சாதாரண வீரருக்கு மின்னதிர்ச்சியையும் அதட்டலையும் சிகிச்சையாக்கினார். நீலகிரித் தோடரிடையே களஆய்வு செய்து 1906இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளரும் இதே றிவேர்ஸே. குடியேற்றநாட்டு மக்களின் கூற்றைப் பொறுமையோடு கேட்டுப் பதிவுசெய்த பயிற்சி, நோயாளியின் கூற்றைக் கேட்கும் முறைக்கும் துணைபோயிருத்தல் இயல்பே. அஞ்சியவனை இகழாது, அவன் அடக்கி வைத்த நினைவுகளை அவனோடு சேர்ந்து எதிர்கொள்ளும் அவரது முறை மனிதாபிமானமிக்கது. ஆயினும் அதன் இலக்கும் வீரனை மீண்டும் களத்துக்கு அனுப்புவதே என்னும் முரண்பாட்டை அவராலும் கடக்க இயலவில்லை.

உரையாடலோ மின்னதிர்ச்சியோ கிடைக்காதவர்களும் இருந்தனர். 1915இல் எறிகணை அதிர்ச்சிக்காக மாதக்கணக்கில் வைத்தியசாலையில் இருந்த ஹரி ஃபார் என்னும் சாதாரண வீரர், 1916இல் முன்னரங்குக்குச் செல்ல மறுத்தமைக்காகக் கோழை எனத் தீர்க்கப்பட்டு அவ்வாண்டு ஒக்ரோபரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கோழைத்தனம், அணியை விட்டோடல் முதலிய குற்றங்களுக்காக இவ்வாறு கொல்லப்பட்ட 306 பிரித்தானிய, பொதுநலவாய வீரருக்கு 2006ஆம் ஆண்டிலேயே சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கப்பட்டது. அறிகுறியை அறியாமை சிலவேளை கொலையிற் சென்று முடிந்தது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

5. கேட்டவர்களும் கண்டவர்களும்

1941இற் பிரித்தானிய இதயவியலாளர் போல் வூட், டா கொஸ்தா குறித்த நோய் இதயத்துக்குரியதன்று, பதகளிப்புக்குரியதே என விரிவுரைகளில் நிறுவினார். 70 ஆண்டுகளின் பின் அச்சம் தன் பெயரை மீளப் பெற்றது. ஆயினும் அவ்வச்சத்தோடு எவ்வாறு வாழ்வது என்னும் வினாவுக்குப் பயனுள்ள விடை வேறொரு வழியாக வந்தது.

அவுஸ்திரேலியாவில் விலங்கியல் ஆய்வாளராக இருந்து பின்னர் வைத்தியரான கிளேர் வீக்ஸ் என்பவர் இளமையில் காசநோயாளி எனத் தவறாக நிர்ணயிக்கப்பட்டவர். அதன்பின் ஓயாத நெஞ்சுப் படபடப்பால் அவர் அவதியுற்றார். முதலாம் உலகப் போரில் ஈடுபட்டுத் திரும்பிய நண்பர் ஒருவரே, களத்தில் வீரருக்கும் இவ்வாறுதான் நெஞ்சடித்தது, அது அச்சத்தின் விளைவேயன்றி இதயக் கோளாறு அன்று என்பதை அவருக்கு விளக்கினார். வைத்தியர்கள் கூறாததைப் பதுங்குகுழியின் அனுபவம் கூறிற்று. 1962இல் வீக்ஸ் வெளியிட்ட நூல் இவ்வறிவைப் பொதுமக்களின் மொழியிற் பெயர்த்தது. முதலாவது அச்சம் உடலிலே தானாக எழுவது. இரண்டாவது அச்சம் அம்முதலாவதைக் கண்டு நாமே சேர்ப்பது என அவர் பிரித்தார். தாக்கத்தோடு போரிடாதிருத்தல், அதிலிருந்து ஓடாதிருத்தல், அதனை ஏற்று அதன்மேல் மிதத்தல், காலம் கழிய விடுதல் என்பன அவர் போதித்த வழிமுறைகள். அக்கால மருத்துவ உலகு அவரைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நோயாளரே அவரது நூலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பினர்.

இதே காலத்தில் நியூயோர்க்கின் ஹில்சைட் வைத்தியசாலையில் டொனால்ட் கிளைன் இமிப்ரமின் என்னும் மருந்தைப் பதகளிப்பு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். மாற்றம் எதுவும் இல்லை என நோயாளியும் உளச்சிகிச்சையாளரும் கூறினர். மாற்றத்தைக் கண்டவர்கள் விடுதித் தாதியரே. நாளுக்குப் பலமுறை தான் இறக்கப்போவதாகக் கூறித் தாதியரிடம் ஓடிவந்தவர் ஓடிவருவதை நிறுத்திவிட்டார் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். திடீர்த் தாக்கம் வேறு, தாக்கம் வருமோ என்னும் நெடிய எதிர்பார்ப்பு வேறு என்னும் முக்கியமான வேறுபாடு இவ்வாறே கிளைனின் ஆய்வுகளில் நிலைபெற்றது. கைபிடித்து ஆறுதல் கூறிய தாதியரின் நாளாந்த உழைப்பே இக்கண்டுபிடிப்பின் அடித்தளம். ஆயின் கோட்பாட்டு வரலாறுகளில் அத்தாதியரின் பெயர்கள் இல்லை.

1980இல் வெளியான அமெரிக்கக் கைந்நூலின் மூன்றாம் பதிப்பு பதகளிப்பு நியூரோசிசைக் கலைத்துப் பீதி நோயைத் தனியாக நிறுவிற்று. வியட்நாம் போரிலிருந்து திரும்பியோரின் போராட்டத்தின் பயனாக நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும் அதே பதிப்பில் இடம்பெற்றது. படைவீரரின் இதயம் இவ்வாறு இரண்டாகப் பிளவுற்றது. ஒன்று வரலாற்றோடு பிணைக்கப்பட்டது; மற்றையது வரலாறற்ற, தனிமனித உடலின் கோளாறாயிற்று. இரண்டாவதற்கே சந்தை வாய்ப்பு அதிகமாக இருந்தது. 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அல்பிரசோலம் 1990இற் பீதி நோய்க்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அதற்கான பன்னாட்டு ஆய்வுக்கு நிதியளித்ததும் அம்மருந்தை உற்பத்திசெய்த கம்பனியே. அம்மருந்து விரைந்து அமைதி தருவது. விரைந்து பழக்கத்துக்கு அடிமையாக்குவதும் ஆகும். மருந்தே தேவையில்லை என்பது இதன் கருத்தன்று. இமிப்ரமின் வழிவந்த அறிவும், இன்று பரவலாக வழங்கப்படும் வேறுவகை மருந்துகளும் பலருக்கு வாழ்வளித்துள்ளன. எந்த மருந்து எதற்காக முன்தள்ளப்படுகிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

1986இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த டேவிட் கிளாக், உடலுணர்வை அழிவின் அறிகுறியாகத் தவறாகப் பொருள்கொள்வதே தாக்கத்தை வளர்க்கிறது எனக் காட்டினார். நெஞ்சு படபடக்கிறது, இது மாரடைப்பு எனப் பொருள்கொள்ளப்படுகிறது, அப்பொருள்கோள் அச்சத்தைப் பெருக்குகிறது, அச்சம் படபடப்பை மேலும் பெருக்குகிறது. ஆக, பதகளிப்புத் தாக்கம் ஒரு பிழையான வாசிப்பினால் வளர்வது. அறிகுறியை அறிதல் அச்சுழற்சியை அறுப்பதன் தொடக்கமாகும்.

6. எமது சூழலில்

இவ்வறிவு எமது மக்களை எந்த அளவிற் சென்றடைந்துள்ளது என்பது சிந்திக்கற்பாலது. 1961இல் வெளியான நூலிற் பிரான்ஸ் ஃபனோன், அல்ஜீரிய விடுதலைப் போர்க்கால நோயாளரை விவரிக்கிறார். வைத்தியசாலை வளவிலே, தான் முன்னர் வதைத்த ஒருவனை எதிர்பாராது கண்ட பொலிஸ்காரன் மரமொன்றிற் சாய்ந்து வியர்த்து நடுங்கிப் பதகளிப்புத் தாக்கத்துக்கு உள்ளாகிறான். வதைக்கப்பட்டவனோ, தன்னை மீண்டும் கொண்டுசெல்ல வந்துவிட்டனர் எனக் கருதித் தற்கொலைக்கு முயல்கிறான். உடல் நிகழ்வுகள் ஒத்திருப்பினும் அவற்றின் வரலாறுகள் ஒன்றல்ல. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நிலவிய கொடுங்கோன்மைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற அகதிகள், தம் தாக்கத்தை உடலில் மேலெழும் காற்றின் தாக்குதலாகக் கூறினர். 2013இல் வெளியான கைந்நூலின் ஐந்தாம் பதிப்பு அதனைப் பண்பாட்டு வெளிப்பாடாகப் பதிவுசெய்தது. நெஞ்சில் வாய்வு பிடித்துவிட்டது என எமது முதியோர் கூறுவதை இதனோடு ஒப்புநோக்குதல் பயன்தரும்.

2009 வரை நீடித்த போரின் உளத்தாக்கத்தை ஈழத் தமிழர் மத்தியில் ஆராய்ந்த தயா சோமசுந்தரத்தின் நூல் 1998இல் வெளிவந்தது. ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒலிபெயர்க்காது, நெஞ்சு அடித்துக்கொள்ளும் நிலைக்கு மக்கள் வழங்கிய பதகளிப்பு என்னும் சொல்லையே எமது உளமருத்துவ எழுத்துக்கள் கலைச்சொல்லாக ஏற்றமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் பாதிக்கப்பட்டவர் முதலிற் செல்வது வெளிநோயாளர் பிரிவுக்கே. இதய மின்வரைவு எடுக்கப்படுகிறது. ஒன்றுமில்லை எனத் திருப்பி அனுப்பப்படுகிறார். ஒன்றுமில்லை என்னும் இச்சொல் அவரது அனுபவத்தை மறுக்கிறது. அவர் அடுத்த வைத்தியரிடமோ, பயந்துபோனதற்குப் பார்வை பார்த்து நூல் கட்டுபவரிடமோ செல்கிறார். பின்னவரிடம் ஓரளவு ஆறுதல் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. அங்கு அவரது அச்சத்துக்குப் பெயர் கொடுக்கப்படுகிறது; உடனிருப்பவர் உண்டு; தாக்கம் தணியும் வரை காலமும் கழிகிறது. ஆயின் அவ்விளக்கம் அடுத்த தாக்கத்தைத் தாமே எதிர்கொள்ளும் ஆற்றலை அவருக்கு வழங்குவதில்லை.

மேற்கூறிய வரலாற்றிலிருந்து திரட்டத்தக்க நடைமுறை அறிவைச் சுருக்கமாகத் தொகுத்துக் கூறலாம். முதன்முறை இவ்வறிகுறிகள் தோன்றும்போது வைத்திய பரிசோதனை இன்றியமையாதது. இதயநோய், தைரொயிட்டுச் சுரப்பியின் மிகைச் செயற்பாடு, குருதிச்சோகை முதலியன இவ்வறிகுறிகளைக் காட்டக்கூடும். பெண்களின் இதயநோயைப் பதகளிப்பு எனத் தள்ளிவிடுதலும் நிகழ்கின்ற தவறே. உடல்நோய் இல்லை என உறுதியானபின், தாக்கம் சில நிமிடங்களில் உச்சமடைந்து தணியும் என்பதையும், அது கொல்லாது என்பதையும் நோயாளர் தெளிவாக அறிதல் வேண்டும். தாக்கம் எழும்போது மூச்சை மெதுவாக உள்ளெடுத்து, அதனிலும் மெதுவாக வெளிவிடுதல் உதவும். கடதாசிப் பைக்குள் மூச்சுவிடுமாறு கூறும் பழைய ஆலோசனை இதயநோயோ சுவாசநோயோ உள்ளவருக்கு ஆபத்தானதாகையால் இன்று விலக்கத்தக்கது. இடத்தைவிட்டு ஓடாது இயன்றவரை அங்கேயே இருத்தல், அவ்விடமே ஆபத்தானது என்னும் தவறான பாடத்தை உடல் கற்பதைத் தடுக்கும். கூட இருப்பவர், பயப்படாதே என அதட்டுவதிலும் பார்க்க, இது முன்னரும் வந்து போனது, இப்போதும் போகும், நான் இருக்கிறேன் எனக் கூறுதல் நன்று. தாக்கங்கள் தொடருமாயின், அல்லது அவற்றுக்கு அஞ்சி வெளியே செல்வதே குறையுமாயின், உளமருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். அறிகைசார் நடத்தைச் சிகிச்சையின் பயன் நன்கு நிறுவப்பட்டுள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. மூச்சை ஒழுங்குபடுத்துவதால் வாழ்க்கை ஒழுங்குபடுவதில்லை. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கும், கடனை மீளச் செலுத்த இயலாது கதவு தட்டப்படும் ஓசைக்கு நடுங்கும் பெண்ணுக்கும் அவர்களது அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. அவர்களது தாக்கத்தைத் தணிப்பதும் அதன் காரணத்தை அகற்றுவதும் இரு வேறு கடமைகள். ஒன்றைக் காட்டி மற்றையதை மறுத்தல் தகாது. சமூக மாற்றம் வந்தபின் எல்லா நோயும் தீரும் எனக் காத்திருப்போர், இன்றிரவு மூச்சு முட்டி விழிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. குளிசையே போதும் என்போர் அவர் ஏன் விழிக்கிறார் எனக் கேட்பதில்லை.

பதகளிப்புத் தாக்கத்தின் வரலாறு முழுவதிலும் ஒரே உண்மை மீண்டும் மீண்டும் வெளிப்படுகிறது. மீண்டும் அணிக்கு அனுப்பலாமா என இராணுவம் கேட்டபோது இதயக் கோளாறும் கோழைத்தனமும் விடையாகக் கிடைத்தன. எந்த மருந்து விற்கும் எனச் சந்தை கேட்டபோது வரலாறற்ற ஓர் உடல் விடையாகக் கிடைத்தது. உனக்கு என்ன நேர்கிறது எனக் கேட்கப்பட்ட அரிய வேளைகளிலேயே விடுதிப் பெண்ணும், போர்முனையிலிருந்து திரும்பிய நண்பரும், வைத்தியசாலைத் தாதியரும் அறிவின் பங்காளர்களாயினர். எமது வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் இவ்வினா கேட்கப்படல் வேண்டும். ஒன்றுமில்லை எனக் கூறி அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் அவர்தம் அனுபவத்தின் பெயரைத் தெரிவிப்பது எவருக்கும் செலவு வைக்காத, ஆயின் இன்னும் நிறைவேற்றப்படாத கடமையாகும்.